மேளம் இல்லாத பன்னிரண்டு ரவுண்டுகள்

அயிக்கு நுனூ ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும். பதினாறு வயதிலேயே அப்படித்தான். அவன் எந்தப் பக்கம் உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு மற்றவர்கள் வலையையும் ஐஸ் பெட்டியையும் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்துவார்கள். கடைசியில் ஒருநாள் அவன் அப்பாவே அவனைக் கரையில் இறக்கிவிட்டார். கரையில் நின்று வலைக் கயிற்றை இழுத்தால் போதும், அதுவே எல்லாருக்கும் பெரிய உதவி என்று சொல்லிவிட்டார்.

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், புக்கோம் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் படகைத் தள்ள மாட்டார்கள். அன்று கடலுக்கு ஓய்வு. ஆண்கள் வலையைப் பழுது பார்ப்பார்கள், பையன்கள் மணலில் குத்துச்சண்டை போடுவார்கள். கையுறை இருந்தால் கையுறையோடு, இல்லாவிட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு. அயிக்குவும் போய் நிற்பான். ஆனால் அவனைப் பார்த்ததும் பையன்களுக்கு வலை வேலை ஞாபகம் வந்துவிடும். வாரா வாரம் வந்து, நின்று, யாரும் மோத வராமல் திரும்பிப் போனவன் அவன் ஒருவன்தான்.

புக்கோம் தெருக்களிலிருந்து போய் உலகப் பட்டம் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சின்ன உடம்புக்காரர்கள். குளவி மாதிரி சுற்றிச் சுற்றி வந்து கொட்டுபவர்கள். பெரிய உடம்புக்கு இங்கே சண்டை தெரியாது, மூட்டைதான் தெரியும் என்பது ஊரின் எண்ணம். அதனால் அயிக்கு, போச்வே மாஸ்டரின் பயிற்சி முற்றத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்தவர்கள் ஐஸ் இறக்க ஆள் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

போச்வே மாஸ்டர் அவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“உன்ன நான் யாரோட மோத விடறது? சுவத்தோடயா?”

“யாரா இருந்தாலும் சரி ஆட்டா,” என்றான் அயிக்கு. ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் எடைக்கு ஆள் இல்லாததால், ஒவ்வொரு ரவுண்டுக்கும் புதிதாக ஒரு சின்ன உடம்புக்காரனை இறக்கினார். ஒருவன் களைத்து இறங்கும்போது இன்னொருவன் புது மூச்சோடு ஏறுவான். அயிக்குவுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. பலமாக அடிக்கவும் கூடாது, அடித்தால் பையன் உடைந்துபோவான். ஆகவே அவன் தொடத்தான் கற்றுக்கொண்டான். தொட வேண்டுமென்றால் அவர்களைப் பிடிக்க வேண்டும், பிடிக்க வேண்டுமென்றால் அவர்களைப் போலக் கால் ஓட வேண்டும். சில வருடங்களில் புக்கோமில் முன்பு யாரும் பார்க்காத ஒன்று உருவானது. தொண்ணூறு கிலோவுக்கு ஒரு சின்ன ஆளின் கால்கள். அந்த எடைப் பிரிவுக்கு க்ரூசர்வெயிட் என்று பெயர் என்பதே தொழில்முறைக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அவனுக்கு இன்னொரு பலமும் இருந்தது. அது அவன் உடம்பில் இல்லை, அவன் நண்பன் ஆக்வெட்டேயின் கையில் இருந்தது.

ஆக்வெட்டே மினிபஸ் ஓட்டுகிறவன். அயிக்கு சண்டை போடும் நாட்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மேளக் குழுவோடு கோதாவின் ஓரத்துக்கு வந்துவிடுவான். பாட்டுக்குப் பத்துப் பதினைந்து பேர், சின்ன மேளம், பெரிய மேளம், இரும்பு மணி. சின்ன மேளம் இரண்டு தட்டுத் தட்டும்போது அயிக்குவின் இடது கை இரண்டு தடவை போகும். பெரிய மேளம் விழும்போது வலது கை போகும். எதிராளிக்கும் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்யும். அவனுக்கு அது வெறும் சத்தம். அயிக்குவுக்கு அது யாரோ தோளைப் பிடித்து ‘இப்போ’ என்று சொல்வது போல.

உள்ளூரில் அவன் தோற்றதே இல்லை. வெளிநாட்டில் மூன்று தடவை தோற்றான். டென்மார்க்கில் ஒருமுறை, ஜெர்மனியில் இரண்டு முறை. அங்கே இவனைக் கூப்பிட்டதே அவர்கள் ஊர்க்காரன் ஜெயிப்பதற்காகத்தான். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் அவன் மனைவி அமெர்லியின் கெங்கே கடையில் வரிசையில் நிற்பவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். மேளம் இருந்தால் அயிக்கு ராஜா, மேளம் இல்லாவிட்டால் மூட்டை தூக்குகிறவன் என்பார்கள். அமெர்லி பானையிலிருந்து சோள இலையில் சுற்றிய கெங்கே மாவு உருண்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே, “மூட்டை தூக்கறவன் பொண்டாட்டிகிட்டதான் வாங்கித் திங்கறீங்க, மெதுவா தின்னுங்க,” என்பாள். ஆனால் அந்தப் பேச்சு அயிக்குவின் காதில் விழாமல் இருக்கவில்லை. விழுந்ததை அவன் மறுக்கவும் இல்லை. டென்மார்க்கில் கோதாவில் நின்றபோது அவன் கை எப்போது போக வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பத்து நான்கு வயதில் அவனுக்கு வாய்ப்பு வந்தது. தென்னாப்பிரிக்காக்காரன் ஒருவனையும் காங்கோக்காரன் ஒருவனையும் அக்ராவில் வைத்து, மேளத்தோடு, அடுத்தடுத்துத் தோற்கடித்தான். அதனால் உலகத் தரவரிசையில் முதல் இடம். அடுத்து சாம்பியன் அவனோடு மோதியே ஆக வேண்டும். சாம்பியன் போலந்துக்காரன், பெயர் ரதெக் வில்கா. சண்டையை யார் நடத்துவது என்ற ஏலத்தில் எல்லாரும் ஆச்சரியப்படும்படி புக்கோமிலேயே பிறந்து, குளிரூட்டிய மீன் வியாபாரத்தில் பெரிய ஆளாகிவிட்ட போர்ட்டே ஜெயித்தார். உலகப் பட்டச் சண்டை கடற்கரை அரங்கத்தில் நடக்கப்போகிறது. போச்வே மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு அயிக்குவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். இனி ஒருமுறை கூப்பிட மாட்டார்கள் என்று.

போர்ட்டே சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தார். அது புக்கோமில் பிறந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெளியூர்க்காரர் என்றால் பயந்துபோய் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்.

வருடத்தில் ஒரு மாதம் இங்கே மேளம் தூங்கும். பூசாரிகள் சோளம் விதைத்த பிறகு, அது மண்ணுக்குள் அமைதியாக முளைக்க வேண்டும் என்று மேளம், மணி, ஊதுகொம்பு, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சாவு வீட்டில்கூட சத்தமாக அழ மாட்டார்கள். அந்த மாதம் எப்போது தொடங்கும் என்பதை ஒவ்வொரு வருடமும் பூசாரிகள்தான் சொல்வார்கள். போர்ட்டே, தனக்குத் தெரியாதா என்று போன வருடத்து நாளை மனதில் வைத்துக்கொண்டு, அது முடிந்து ஒரு வாரம் கழித்து டெலிவிஷன்காரர்களுக்குத் தேதி கொடுத்துவிட்டார். இந்த வருடம் விதைப்பு தள்ளிப்போனது. அறிவிப்பு வந்தபோது, சண்டை நாள் மேளம் தூங்கும் மாதத்தின் நட்டநடுவில் இருந்தது.

தேதியை மாற்ற டெலிவிஷன்காரர்கள் ஒப்பவில்லை. அக்ராவில் அன்றைக்கு முடியாதென்றால் சண்டையைப் போலந்துக்கு எடுத்துக்கொண்டு போவதாக வில்காவின் ஆட்கள் சொன்னார்கள். போர்ட்டே பயிற்சி முற்றத்துக்கு வந்து இதைச் சொன்னபோது நின்றுகொண்டே சொன்னார். உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

“இவ்வளவு மீனு விக்கறீங்க, ஒரு தேதி கேக்கத் தெரியலயா?” என்றான் ஆக்வெட்டே.

“என் ஊரு வழக்கத்த நான் யார்கிட்டடா போய்க் கேக்கறது?”

“பூசாரிகிட்ட. வெள்ளத் துணி கட்டிக்கிட்டு, செருப்பு போடாம இருப்பாரே, அவருகிட்ட.”

மறுநாள் அவரும் மாஸ்டரும் அயிக்குவும் பூசாரியைப் பார்க்கப் போனார்கள். வழக்கப்படி மது பாட்டில்களைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். பூசாரி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தடை சத்தத்துக்குத்தானே தவிர கைக்கு இல்லை என்றார். சண்டை நடக்கலாம். மேளம் கூடாது, கொம்பு கூடாது, பாட்டு கூடாது, கூச்சல் கூடாது. மாஸ்டர் தயங்கித் தயங்கி, ரவுண்டு தொடங்கவும் முடியவும் ஒரு மணி அடித்தாக வேண்டுமே என்று கேட்டார். பூசாரி அதற்குத்தான் கொஞ்சம் யோசித்தார்.

“அது வேலைக்கு அடிக்கற மணி. சந்தோஷத்துக்கு அடிக்கறது இல்ல. அடிச்சுக்கோங்க.”

இப்படியாக சண்டை ஊரிலேயே தங்கியது. ஆனால் அயிக்குவுக்கு எந்தக் காரணத்துக்காக ஊரில் வேண்டியிருந்ததோ அது இல்லாமல் தங்கியது.

அந்த வாரமே புக்கோம் அடங்கிப்போனது. மினிபஸ்களில் பாட்டு இல்லை. தேவாலயங்களில் கைதட்டுகூட இல்லை. பயிற்சி முற்றத்தில் மாஸ்டர் ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மூட்டைப் பையில் குத்து விழுவதும் மூச்சு இரைப்பதும் மட்டும் கேட்டன. அந்த அமைதியில் அயிக்குவின் கோளாறு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இடது கை இரண்டு தடவை போகும். பிறகு அவன் நிற்பான். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். வராத மேளத்துக்காக அவன் வலது கை காத்திருக்கும். அந்த இடைவெளியில் லாண்டே என்ற சின்னப் பையன் உள்ளே நுழைந்து அவன் தாடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான்.

“யாருக்குண்ணே வெயிட் பண்ற? பஸ்ஸுக்கா?” என்பான் லாண்டே.

எல்லாரும் சிரிப்பார்கள். அயிக்குவும் சிரிப்பான். அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்பான்.

மாஸ்டர் கோபப்படவில்லை. இடது, இடது, வலது என்று மூன்றையும் ஒட்டிப் போடச் சொல்லி நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். சில நாட்களில் அந்த இடைவெளி குறைந்தது. பிறகு முற்றத்தில் அது இல்லாமலே போனது. ஆனால் முற்றம் வேறு, கோதா வேறு என்பது அவனுக்குத் தெரியும். எடை இறக்குவதற்காக, கடைப் பக்கமே அவன் வரக் கூடாது என்று அமெர்லி சொல்லியிருந்தாள். கெங்கே வாசனையைப் பிடித்தே இரண்டு கிலோ ஏறுகிற ஆள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். அவன் தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆக்வெட்டே அங்கேதான் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, மேளங்களை அரங்கத்துக்குள் முன்பே கொண்டுபோய் வைத்துவிட ஆள் இருக்கிறது என்றான். சண்டை தொடங்கின பிறகு அடித்தால் யார் வந்து நிறுத்தப்போகிறார்கள்? பிறகு அபராதம் போட்டால் குழுவில் எல்லாரும் சேர்ந்து கட்டுவார்கள். ஒரு ஆடு, நாலு பாட்டில், அவ்வளவுதானே. உலகப் பட்டத்துக்கு அது ஒரு விலையா?

அயிக்குவுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

“நீ அடிச்சா நான் ஜெயிப்பேன்,” என்றான்.

“அதத்தான நானும் சொல்றேன்.”

“ஜெயிச்சிட்டு எந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போவேன்? இவங்க எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டு இருக்காங்க. அழறவன்கூட அழாம இருக்கான். எனக்கு மட்டும் மேளமா?”

“தோத்துட்டா?”

“தோத்துட்டா இதே தெரு வழியாத்தான் போகணும். போயிடலாம்.”

ஆக்வெட்டே எழுந்து போனான். அன்று அவன் சவாரிக்குப் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

சண்டை நாளில் அரங்கம் நிரம்பியிருந்தது. வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வருகிறவர்களின் பைகளைப் பார்த்தார்கள். போலந்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னக் கூட்டம் கொம்புகளும் ஒரு மேளமும் வைத்திருந்தது. அவற்றை வாங்கி ஒரு மூலையில் அடுக்கி, போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கையாலேயே விளக்கினார்கள். அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் கொடுத்துவிட்டார்கள். டெலிவிஷன் வர்ணனையாளர்கள், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுகிறவர்கள் மாதிரி கிசுகிசுத்தார்கள்.

அயிக்கு கோதாவுக்குள் ஏறியபோது ஊர் எழுந்து நின்றது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. பெண்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை உயர்த்தி ஆட்டினார்கள். மேளக் குழு வழக்கமாக நிற்கும் ஓரத்திலேயே ஆக்வெட்டேயும் அவன் ஆட்களும் வெறும் கைகளோடு நின்றார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலர் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரதெக் வில்கா உயரமானவன். அவசரப்படாதவன். முதல் ரவுண்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது ரவுண்டில் அயிக்குவின் இடது கை நன்றாக விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அப்போது, இவ்வளவு நாள் முற்றத்தில் செய்ததெல்லாம் போய், உடம்பு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அவன் நின்றான். பெரிய மேளத்துக்காக நின்றான். வில்காவின் வலது கை அந்த இடைவெளிக்குள் வந்தது.

விழுந்தபோது வலி தெரியவில்லை. தரை தெரிந்தது. நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். வேறு எந்த அரங்கமாக இருந்தாலும் இந்த நேரத்தில் கூரை பிளந்திருக்கும். போலந்துக்காரன் ஒருவன் மட்டும் எழுந்து பாட ஆரம்பித்தான். அவன் பக்கத்தில் இருந்த பெண் அவன் தோளில் கை வைத்தாள். அவன் பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தான். பிறகு ஒன்றும் இல்லை. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம். நடுவரின் குரல். எதிர் மூலையில் நின்ற வில்கா கால் மாற்றினான். அவன் காலணி தரையில் உரசியது.

அயிக்குவுக்கு அது தெளிவாகக் கேட்டது. இவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் கால் மாற்றுவது தனக்குக் கேட்கிறது என்பதே அவனுக்கு விசித்திரமாக இருந்தது. எழுந்தான். நடுவர் அவன் கையுறைகளைத் துடைத்துவிட்டார். அந்த ரவுண்டின் மிச்ச நேரத்தை எதிராளியை அணைத்துக்கொண்டும் நகர்ந்துகொண்டும் ஓட்டினான். அணைத்திருந்தபோது வில்காவின் மூச்சும் கேட்டது.

மூலைக்கு வந்ததும் மாஸ்டர், நின்றுவிட்டாயே என்றுதான் தொடங்கினார். அவன் தலையை ஆட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னான். அவரிடம் அவன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அவர் வாய்க்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த இரண்டு ரவுண்டுகளை அவன் தோற்றான். அடிப்பதை விட்டுவிட்டு அவன் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தான் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, என்ன என்பது தெரியவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வில்கா வலது கையை விடுவதற்கு முன் பின்காலை ஒரு சுண்டு சுண்டி ஊன்றுவான். அப்போது காலணி ‘கிரீச்’ என்று ஒரு சின்னச் சத்தம் போடும். கூடவே மூக்கால் ஒரு மூச்சை இழுப்பான். பிறகுதான் கை வரும். இடது கைக்கு அந்தச் சத்தம் இல்லை. வலது கைக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும்.

ஐந்தாவது ரவுண்டில் ‘கிரீச்’ கேட்டதும் அயிக்கு பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தான். வில்காவின் கை காற்றில் போனது. அயிக்குவின் வலது கை அவன் விலாவில் இறங்கியது. யாருக்காகவும் அது காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் புக்கோம்காரர்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நல்ல குத்து விழும்போதெல்லாம் கைக்குட்டைகள் ஒரு அலை மாதிரி எழுந்து இறங்கின. சிலர் தங்கள் முன்கையைத் தாங்களே கடித்துக்கொண்டார்கள். ஒன்பதாவது ரவுண்டில் வில்காவின் கண் வீங்கி மூடியது. ஆனாலும் அவன் சாம்பியன். சாம்பியன்கள் சும்மா விட்டுவிட மாட்டார்கள். பத்தாவதை அவன் பிடித்துக்கொண்டான். பதினொன்றில் இருவருக்கும் கால் ஓய்ந்திருந்தது. கடைசி ரவுண்டில் இருவரும் நடுவில் நின்று அடித்துக்கொண்டார்கள். கடைசி மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துதான் நின்றார்கள். விலகினால் விழுந்துவிடுவார்கள் போல இருந்தது.

கோதாவுக்கு வெளியே புள்ளி போட்ட மூன்று நடுவர்களில் ஒருவர் அயிக்குவுக்குக் கொடுத்தார். ஒருவர் வில்காவுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் சமம் என்றார். சமம் என்றால் பட்டம் பழைய ஆளிடமே இருக்கும். அந்த இரண்டாவது ரவுண்டில் விழாமல் இருந்திருந்தால் மூன்றாமவரின் கணக்கு இவன் பக்கம் சாய்ந்திருக்கும் என்று மாஸ்டர் அங்கேயே சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கடலில் அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உருளுமே, அது மாதிரி ஒரு பெருமூச்சு அரங்கம் முழுக்கப் போனது. பிறகு எல்லாரும் எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். கத்தி அழ முடியாத துக்கம் என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்க்க முடிந்தது. அது வீட்டைப் பார்த்து நடக்கும், அவ்வளவுதான்.

வில்கா கண்ணில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு அயிக்குவின் அறைக்கு வந்தான். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. இவ்வளவு பேர் எப்படிச் சத்தமே போடாமல் இருந்தார்கள் என்று கேட்டான். தன் மூச்சே தனக்குக் கேட்டது, அது பயமாக இருந்தது என்றான். அயிக்கு, எனக்கும் உன் மூச்சுதான் கேட்டது என்றான். வில்காவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்தான், சிரித்ததும் உதடு வலித்து நிறுத்திக்கொண்டான். குளிர்காலத்தில் போலந்தில் மறுபடியும் மோதலாம், தன் ஆட்களிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடி அழைப்பு வந்தது. அதோடு போர்ட்டே இன்னொரு வழியும் கொண்டுவந்தார். போலந்துக்குப் போக வேண்டாம். ஆப்பிரிக்கப் பட்டம் காலியாக இருக்கிறது, அதற்கு ஒரு சண்டை உண்டு. மேளம் விழித்த பிறகு இங்கேயே வைத்துக்கொள்ளலாம், நிச்சயம் ஜெயிக்கலாம். செய்த தப்புக்குப் பரிகாரமாகத்தான் அதை அவர் கொண்டுவந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அமெர்லியின் கடையில், மதிய வியாபாரம் ஓய்ந்த நேரம். அயிக்கு இப்போது பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொரித்த மீனோடும் மிளகாய்த் துவையலோடும் கெங்கே தின்றுகொண்டிருந்தான். மாஸ்டரும் ஆக்வெட்டேயும் இருந்தார்கள்.

“இங்கயே இருடா,” என்றான் ஆக்வெட்டே. “ஊரே பாத்துச்சு. மேளம் இருந்திருந்தா அன்னிக்கே முடிச்சிருப்ப. இனிமே நான் இருக்கேன், மேளம் இருக்கு. அங்க போனா என்ன ஆகும்னு மூணு தடவ பாத்தாச்சு.”

அயிக்கு விரல்களை நக்கிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“மேளம் இருந்திருந்தா அன்னிக்கு நான் ஆறாவது ரவுண்டுலயே மறுபடி விழுந்திருப்பேன்.”

“என்னடா சொல்ற?”

“அவன் வலது கை வரதுக்கு முன்னாடி ஷூ கத்துது. உன் சத்தத்துல எனக்கு அது எப்படிக் கேக்கும்? டென்மார்க்குலயும் ஜெர்மனியிலயும் எதிர்ல நின்னவனுங்க என்ன பண்ணானுங்கன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் அவனுங்களப் பாக்கவே இல்ல. உன்னத் தேடிட்டிருந்தேன்.”

ஆக்வெட்டே தரையைப் பார்த்தான். அவன் பன்னிரண்டு வருடமாக இவனுக்காக மேளம் அடித்தவன். தான் அடித்துத்தான் இவன் ஜெயித்தான் என்று நினைத்திருந்தவன், தான் அடித்ததால்தான் இவன் வெளியே தோற்றான் என்று கேட்க நேர்ந்துவிட்டது.

“உன் மேல தப்பு சொல்லல,” என்றான் அயிக்கு. “உன் மேளம் இல்லன்னா நான் கோதாவுக்கே வந்திருக்க மாட்டேன். மூட்டைதான் தூக்கிட்டிருந்திருப்பேன்.”

மாஸ்டர் நடுவில் புகுந்தார். போலந்தில் அமைதி கிடையாது, பத்தாயிரம் பேர் கத்துவார்கள், ஷூ சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்டார். அயிக்கு அதையும் யோசித்து வைத்திருந்தான். சத்தம் கேட்காவிட்டாலும், கால் அப்படி ஊன்றும்போது இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று தனக்கு இப்போது தெரியும் என்றான். அதைக் காதால் கேட்டுத்தான் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அது உறுதியா என்று மாஸ்டர் கேட்டார். உறுதியில்லை, ஆனால் ஆப்பிரிக்கப் பட்டம் தனக்கு வேண்டாம், வேண்டிய சாம்பியன் பெல்ட் வில்காவின் இடுப்பில் இருக்கிறது, அது போலந்தில்தான் இருக்கிறது என்றான். போர்ட்டே ஒரு பெருமூச்சோடு சரி என்றார். இந்தத் தடவை தேதியைத் தான் சொல்லப்போவதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது போல.

ஆக்வெட்டே தரையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“நானும் வரேன். மேளம் வேணாம். சும்மா உக்காந்து பாக்கறேன்.”

“நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லயே,” என்றாள் அமெர்லி. “இதுக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.”

ஆக்வெட்டே முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை அயிக்குவும் அமெர்லியும் பழைய துணிச் சந்தைக்குப் போனார்கள். போலந்தின் குளிர் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஜெர்மனியில் முதல் தடவை ஒரு மெல்லிய சட்டையோடு போய் இறங்கி, சண்டைக்கு முன்பே பாதி தோற்றிருந்தான். கடை கடையாக ஏறி இறங்கியும் அவன் தோளுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. கோட்டுகளின் கைகள் அவன் முழங்கைக்குக் கீழே இறங்க மறுத்தன. கடைசியில் ஒரு வியாபாரிப் பெண், மூட்டையின் அடியிலிருந்து கருநீலத்தில் ஒரு கனத்த கோட்டை உருவினாள். இதை ஒரு வருடமாக யாரும் வாங்கவில்லை, இதைப் போடுகிற அளவுக்கு ஆள் இந்த நாட்டில் இல்லை என்று நினைத்தேன் என்றாள்.

நடுப்பகல் வெயில். அயிக்கு அதைப் போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டினான். நெற்றியில் வேர்வை ஓடியது. சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள், பனி பெய்கிறது, குடை கொண்டுவாருங்கள் என்றார்கள். அவன் இரண்டு அடி பின்னால் போய், இடது கையை நீட்டிப் பார்த்தான், பிறகு வலது கையை. தோள்பட்டையில் தையல் இழுத்தது, பிரியவில்லை.

“இது போதும்,” என்று அமெர்லியிடம் சொன்னான். அவள் விலை பேச ஆரம்பித்தாள்.